கவசம் தலைக்கா, சாலைக்கா?

உங்களில் எத்தனை பேர் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, இவ்வளவு பேரா! சரி, அதில் எத்தனை பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறீர்கள்?

என்ன, தூக்கிய கைகள் எல்லாம் இறங்கிவிட்டன? பயப்பட வேண்டாம், திட்டப் போவதில்லை. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. (2019-ல் செய்த திருத்தத்தின்படி, பைக்கில் உட்காரும் குழந்தைக்கு நான்கு வயதைத் தாண்டிவிட்டால் அதற்கும் ஹெல்மெட் வேண்டும். அப்பா மறந்தால் நினைவுபடுத்துங்கள்!) பெடல் மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கு அந்தச் சட்டத்தில் ஹெல்மெட் கட்டாயம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இப்படி இல்லை. அங்கே ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் தெருவுக்கு வந்தால் போலீஸ்காரர் நிறுத்தி அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். சிட்னி நகரம் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 71 டாலராக இருந்த அந்த அபராதம், 2016-ல் ஒரேயடியாக 319 டாலர் ஆனது.

நெதர்லாந்துக்குப் போனால் எல்லாமே தலைகீழ். அந்த நாட்டில் மக்களைவிட சைக்கிள்கள் அதிகம். சுமார் ஒரு கோடியே 80 லட்சம் மக்கள். சைக்கிள்களோ இரண்டு கோடிக்கும் மேல்! பாட்டி சைக்கிளில் காய்கறி வாங்கப் போவார். அம்மா முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை என்று வைத்துக்கொண்டு போவார். அவர்கள் தலையில் ஹெல்மெட்டைத் தேடினாலும் கிடைக்காது.

இரண்டுமே வளர்ந்த நாடுகள். இரண்டிலும் கெட்டிக்கார டாக்டர்களும் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். ஒரே கேள்விக்கு ஏன் இரண்டு விடை? அதற்கு முதலில் ஒரு பழைய விபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு சிறுவர்களும் ஒரு மோட்டார் சைக்கிளும்

1935, மே 13. இங்கிலாந்தில் டார்செட் என்ற பகுதியில் ஒரு கிராமத்துச் சாலை. டி.இ. லாரன்ஸ் தன் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்துகொண்டிருந்தார். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகமே அறிந்த பிரபலம் அவர். முதல் உலகப் போரில் பாலைவனத்தில் சாகசங்கள் செய்தவர்.

சாலையில் ஓர் இறக்கம். அதற்கு அப்பால் உங்களைப் போல இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது லாரன்ஸுக்குக் கடைசி நொடியில்தான் தெரிந்தது. அவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைச் சட்டென்று ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். சிறுவர்கள் பிழைத்துக்கொண்டனர். தலையில் பலத்த அடிபட்ட லாரன்ஸ் ஆறாம் நாள் இறந்துபோனார். அவர் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் சாலையில் யாருமே பெரும்பாலும் அணிவதில்லை.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் டாக்டர் ஹியூ கேர்ன்ஸ். மூளை அறுவை சிகிச்சை நிபுணர். போரில் தப்பிய ஒரு மனிதர் சாலையில் இப்படிச் சாவதா என்ற கேள்வி அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். 1941-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியமான விஷயம் இருந்தது. ஹெல்மெட்டோடு விழுந்தவர்கள் ஏழே பேர்தான் அவருக்குக் கிடைத்தனர். அந்த ஏழு பேருமே உயிர் பிழைத்திருந்தனர்! அந்த ஆண்டின் கடைசியிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

இந்த டாக்டர் பிறந்த நாடு எது தெரியுமா? ஆஸ்திரேலியா!

தலையில் ஒரு தெர்மாகோல்

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது? மேலே இருக்கும் பளபள ஓடுதான் காரணம் என்று நினைப்பீர்கள். சைக்கிள் ஹெல்மெட்டில் முக்கியமான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் நுரைப் பொருள்தான். புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வெள்ளையாகத் தெர்மாகோல் வருமே, அதே ஜாதி. கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

கிரிக்கெட்டில் உயரமாக வரும் பந்தை எப்படிப் பிடிப்பீர்கள்? கையை விறைப்பாக நீட்டினால் பந்து 'படார்' என்று பட்டு விரல் வீங்கிவிடும். பந்து பட்டதும் கையைப் பின்னுக்கு இழுப்பீர்கள் அல்லவா? அப்போது பந்து ஒரே கணத்தில் நிற்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. வலி குறைகிறது. ஹெல்மெட்டின் நுரையும் இதைத்தான் செய்கிறது. தலை தரையில் மோதும்போது நுரை நசுங்குகிறது. அது நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்னஞ்சிறு நேரத்தில் தலை சற்று மெதுவாக நிற்கிறது. உள்ளே இருக்கும் மூளைக்கு அதிர்ச்சி குறைகிறது.

நசுங்கிய நுரை மறுபடி உப்பாது. அதனால்தான் ஒரு முறை பலமாக மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு. விபத்தில் சிக்கிய 64 ஆயிரத்துக்கும் அதிகமான சைக்கிள்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குப் பலத்த தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு, போடாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். தடுமாறிக் கீழே விழும் தலைக்கு அது பொருத்தமான வேகம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியை மனதில் வைத்து அது செய்யப்படவில்லை. இந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவிழ்ப்போம்.

உலகின் முதல் சட்டம்

மெல்போர்ன் நகரம் இருக்கும் மாநிலம் விக்டோரியா. 1970-லேயே காரில் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கி உலகுக்கு வழிகாட்டிய இடம் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1990, ஜூலை 1 அன்று இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தது: சைக்கிள் ஓட்டும் சிறியவர், பெரியவர் எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும். முழு மாநிலத்துக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தது உலகில் அதுதான் முதல் முறை.

பலன் உடனே தெரிந்தது. 1990 மார்ச்சில் நூற்றுக்கு 31 பேர் ஹெல்மெட் அணிந்தனர். அடுத்த மார்ச்சில் 75 பேர்! தலையில் அடிபட்டு இறந்த அல்லது மருத்துவமனையில் சேர்ந்த சைக்கிள்காரர்களுக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் முதல் ஆண்டில் 48 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 70 சதவீதமும் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களும் மளமளவென்று இதே சட்டத்தைக் கொண்டுவந்தன. 1994 தொடக்கத்தில் பக்கத்து நாடான நியூசிலாந்தும் சேர்ந்துகொண்டது.

பிறகு என்ன சண்டை என்கிறீர்களா?

ஒரு கற்பனை. உங்கள் பள்ளி மைதானத்தில் விழுந்து அடிபடுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று தலைமை ஆசிரியருக்குத் தகவல் வருகிறது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. எட்டிப் பார்த்தால் மைதானத்துக்கு விளையாட வருகிறவர்களே குறைந்துபோயிருக்கிறார்கள்! இப்போது மகிழ்வதா, வருந்துவதா?

மெல்போர்னிலும் இப்படி ஒரு குழப்பம். சட்டம் வந்த முதல் ஆண்டில் சிறுவர்கள் சைக்கிள் ஓட்டுவது 36 சதவீதம் குறைந்தது என்று கணக்கெடுப்பு சொன்னது. முடி கலைகிறது, வியர்க்கிறது, பையில் வைக்க இடமில்லை, பார்க்க நன்றாக இல்லை என்று காரணங்கள். (உங்கள் அண்ணனும் இதைத்தானே சொல்கிறார்?) அதே கணக்கெடுப்பில் பெரியவர்கள் ஓட்டுவது கூடியிருந்தது. போதாததற்கு, அதே காலத்தில் விக்டோரியாவில் வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் மீது கடும் நடவடிக்கையும் வந்திருந்தன. காயம் குறைந்த பெருமை ஹெல்மெட்டுக்கா, கேமராவுக்கா, ஓட்டுகிறவர்கள் குறைந்ததற்கா? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிபுணர்கள் இதை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள்.

2010-ல் மெல்போர்னில் வாடகை சைக்கிள் திட்டம் ஒன்று வந்தது. தெருவோரத்தில் சுமார் 600 நீல நிற சைக்கிள்கள் நிற்கும். பணம் கட்டி எடுத்து, வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம். சைக்கிள் இருக்கிறது, ஹெல்மெட்டுக்கு எங்கே போவது? அரசு மானியம் கொடுத்து ஐந்து டாலருக்குக் கடைகளில் ஹெல்மெட் விற்கச் செய்தது. சைக்கிளிலேயே இலவசமாகவும் மாட்டி வைத்தார்கள். யாரோ போட்ட ஹெல்மெட்டைத் தலையில் வைக்க நிறையப் பேருக்கு மனம் வரவில்லை. எதிர்பார்த்த கூட்டம் சேரவே இல்லை. 2019-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

குழந்தைகள் மறித்த தெரு

இப்போது நெதர்லாந்து. அங்கே எப்போதுமே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கும் கார்கள் குவிந்தன. கார் போக வழி வேண்டும் என்று கட்டடங்களைக்கூட இடித்தார்கள். 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். ஒரு சின்ன நாட்டில், ஒரே ஆண்டில்!

அப்படி இறந்த ஒரு சிறுமியின் தந்தை பத்திரிகையாளர். பள்ளிக்குச் சைக்கிளில் போன மகளைக் கார் மோதிப் பறிகொடுத்தவர். அவர் 1972-ல் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. 'விபத்து' என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை, கவனித்தீர்களா? அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது.

பெற்றோர்கள் சைக்கிள்களோடு ஊர்வலம் போனார்கள். விபத்து நடந்த இடங்களில் உட்கார்ந்தார்கள். நடுத்தெருவில் மேசையைப் போட்டு விருந்து சாப்பிட்டார்கள்! நாட்டின் பிரதமர் யோப் டென் ஆய்ல் வீட்டு வாசலுக்குப் போய், குழந்தைகளுக்குப் பாதுகாப்பான தெரு கேட்டுப் பாட்டுப் பாடினார்கள். பிரதமர் வெளியே வந்து நின்று கேட்டாராம். இயக்கத்தின் முதல் தலைவியான மார்ட்யே வான் புட்டன் பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது டி பைப் பிள்ளைகளின் கதைதான். ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்பது நெருக்கமான பழைய குடியிருப்பு. குறுகலான தெரு, இரு பக்கமும் கார்கள். விளையாட அங்குலம் இடமில்லை. 1972-ல் அந்தத் தெருப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தெருவின் குறுக்கே தடுப்பு வைத்து, 'இது விளையாடும் தெரு' என்று அறிவித்துவிட்டார்கள். கார்காரர்கள் கோபத்தோடு இறங்கித் தடுப்புகளை இழுத்துத் தள்ளினார்கள். பெரியவர்களுக்குள் கைகலப்பே நடந்தது. எல்லாம் தொலைக்காட்சிக்காக எடுத்த படத்தில் பதிவாகியிருக்கிறது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் நின்று நிதானமாகப் பேசுவதைப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும்.

1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. அந்த நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசே அறிவித்தது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போனார்கள்! கார் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சாலையையே மாற்றினார்கள். கார் பாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே திட்டு கட்டினார்கள். வீடுகள் இருக்கும் தெருக்களில் கார் ஊர்ந்துதான் போக முடியும் என்பதுபோல வளைவுகளும் மேடுகளும் மரங்களும் வைத்தார்கள். வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் கணக்குதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். 30-ல் வரும் காரும் 60-ல் வரும் காரும் பார்க்க ஒன்றுதான், மோதினால் ஒன்றல்ல.

பிள்ளைகளையும் சும்மா விடவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் அங்கே பள்ளியில் சாலைத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வு முடிந்ததும், ஊருக்குள் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். திருப்பத்தில் கை காட்டுகிறார்களா, பின்னால் திரும்பிப் பார்க்கிறார்களா என்று ஆட்கள் நின்று மதிப்பெண் போடுவார்கள். கணக்குப் பரீட்சைக்குப் பதில் இதை வைத்தால் நன்றாக இருக்கும் என்கிறீர்களா? அங்கே இரண்டும் உண்டு!

2010-ல் அந்த நாட்டில் சாலையில் இறந்த குழந்தைகள் 14 பேர். நானூறு எங்கே, பதினான்கு எங்கே! ஹெல்மெட் சட்டம் எதுவும் போடாமலே இது நடந்தது.

விக் வைத்த விஞ்ஞானி

நீங்கள் பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டுக் கடக்கப்படுகிறீர்கள் என்று எப்போதாவது அளந்ததுண்டா? இங்கிலாந்தில் இயான் வாக்கர் என்ற ஆய்வாளர் அளந்தார். சைக்கிளில் தூரத்தை அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். சில நாள் ஹெல்மெட்டோடு, சில நாள் ஹெல்மெட் இல்லாமல். சுமார் 2,500 வாகனங்கள் அவரைக் கடந்தன. ஹெல்மெட் போட்டிருந்தபோது வாகனங்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன! 'இவர் பாதுகாப்பாகத்தான் இருக்கிறார்' என்று ஓட்டுநர்கள் நினைத்துவிட்டார்களோ என்பது அவருடைய சந்தேகம். நீளமான விக் வைத்துக்கொண்டு பெண்போலப் போனபோது கூடுதல் இடம் விட்டார்களாம். ஆராய்ச்சியின்போது ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தே விட்டன. இரண்டு முறையும் ஹெல்மெட்டோடுதான் இருந்தார். இந்தக் கணக்கை வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசி, ஆபத்தான அளவுக்கு நெருங்கி வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். விஞ்ஞானிகள் அவ்வளவு எளிதில் ஒத்துப்போய்விடுவார்களா என்ன!

இதற்கிடையில் நாடுகள் தங்கள் மனத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. சுவீடன் 2005-ல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் 2017-ல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஜப்பான் 2023-ல், 'எல்லோரும் அணிய முயற்சி செய்ய வேண்டும்' என்று சட்டம் போட்டது. அணியாவிட்டால் அபராதம் கிடையாது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் பல ஆண்டுகளாக இருந்த சட்டத்தை 2022-ல் எடுத்துவிட்டார்கள். வீடில்லாத ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் மட்டும் போலீஸ் அதிகமாக நிறுத்தி அபராதம் போட்டது தெரியவந்ததுதான் காரணம். ஹெல்மெட் நல்லது என்று சொல்வதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை.

நெதர்லாந்திலும் இப்போது டாக்டர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். 2022-ல் அங்கே 291 சைக்கிள்காரர்கள் இறந்தனர். அவர்களில் பலர் வயதானவர்கள். பேட்டரி சைக்கிள்கள் வேகமாகப் போகின்றன. 'பாதை நன்றாக இருக்கிறது. ஆனாலும் தாத்தாவுக்குத் தலை சுற்றினால் விழத்தானே செய்வார்? ஹெல்மெட் போடுங்கள்' என்கிறார்கள், கட்டாயப்படுத்தாமல்.

உங்கள் தெரு, உங்கள் தலை

முன்பு போட்ட முடிச்சை இப்போது அவிழ்க்கலாம். கல் தடுக்கி நீங்களாகவே விழுந்தால் ஹெல்மெட் காப்பாற்றும். லாரி மோதாமல் இருக்க ஹெல்மெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அது சாலையின் வேலை, ஓட்டுநரின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல், உங்கள் தலைக்கு மட்டும் சட்டம் போட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. அதற்காக, 'சாலை சரியாகட்டும், அப்புறம் ஹெல்மெட் போடுகிறேன்' என்று நீங்கள் சொன்னாலும் விட மாட்டேன். நான் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகிய காலத்தில் வண்டி எதுவும் மோதாமலே எத்தனை முறை விழுந்திருக்கிறேன் என்பதற்கு என் முழங்கால் தழும்புகளே சாட்சி. தலையில் படாதது என் கெட்டிக்காரத்தனம் அல்ல, அதிர்ஷ்டம்.

போடுவதென்றால் ஒழுங்காகப் போட வேண்டும். அப்பாவின் பைக் ஹெல்மெட் வேண்டாம். அது பெரியது, கனமானது, உங்கள் தலையில் ஆடும். சைக்கிளுக்கென்றே இருப்பதை, உங்கள் தலை அளவுக்கு வாங்குங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். நெற்றி முழுவதும் தெரியும்படி பின்னால் தள்ளிப் போட்டால் பார்க்க ஸ்டைலாக இருக்கும். விழும்போது நெற்றிக்குப் பாதுகாப்பு இருக்காது. வார் காதுக்குக் கீழே 'வி' எழுத்துபோல வரட்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி. சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்திலோ விளையாட்டு ஏணியிலோ ஏறும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். கிளையில் ஹெல்மெட் சிக்கிக்கொண்டால் வார் கழுத்தை இறுக்கிவிடும்.

காரில் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிற்கும் காரின் கதவைத் திடீரென்று திறந்தால், பின்னால் சைக்கிளில் வருகிறவர் அதில் மோதி விழுவார். அதனால் நெதர்லாந்தில் கதவைத் திறக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், தள்ளி இருக்கும் கையால் திறப்பது. நம் ஊர்க் காரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். அவர் இடது கையை நீட்டி வலது கதவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் யார் வருகிறார்கள் என்று கண்ணில் பட்டுவிடும். அடுத்த முறை காரிலோ டாக்சியிலோ போகும்போது செய்து பாருங்கள். முதல் நாலைந்து தடவை பழைய கைதான் கதவுக்குப் போகும்!